திரை கறுத்ததும் சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள்

பிளேஸ்டேஷன் 4-இன் பொத்தானை அழுத்தினால் ஒரு பீப் சத்தம். நீல விளக்கு துடித்து, சில நொடிகளில் வெள்ளையாக நிலைக்கிறது. விசிறி சுற்றுகிறது, கன்ட்ரோலரும் இணைந்துவிடுகிறது. டிவி மட்டும் ‘நோ சிக்னல்’ என்கிறது. இந்த நிலையில் ஒரு கன்சோலைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் பொதுவாக இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, ‘எச்டிஎம்ஐ போர்ட் போயிருச்சு, மாத்திடலாம்.’ இல்லையென்றால், ‘போர்டுல பிரச்சனை, ஹீட் கொடுத்துப் பார்க்கலாம்.’ இரண்டுமே சில நேரம் சரியாகவும் இருக்கும். மல்டிமீட்டரைத் தொடாமலே சொல்லும்போதுதான் சிக்கல். படம் வராத கன்சோலில் முதலில் செய்ய வேண்டியது எதையும் மாற்றுவதல்ல, பாதை எந்த இடத்தில் அறுந்தது என்று குறுக்கிக்கொண்டே வருவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சூடு அந்த வரிசையில் கடைசிக்கும் கடைசி. பல இடங்களில் அதற்கு இடமே கிடையாது.

அந்த வெள்ளை விளக்கிலிருந்தே தொடங்கலாம். நீலத்திலேயே துடித்துக்கொண்டிருந்து அணைந்துபோகும் பிளேஸ்டேஷன் 4 வேறு நோயாளி. வெள்ளைக்கு வந்த கன்சோல், பவர் சப்ளையும் முக்கியச் செயலியும் நினைவகமும் ஓரளவு ஒழுங்காக எழுந்து நின்றுவிட்டன என்று சாட்சி சொல்கிறது. கன்ட்ரோலர் இணைந்தால் அந்தச் சாட்சி இன்னும் வலுக்கிறது. உள்ளே விளையாட்டு ஓடவே செய்யலாம், அது வெளியே வரவில்லை. அப்படியானால் சந்தேகப்பட வேண்டிய பகுதி மிகவும் சிறியது. ஏபியு எனப்படும் முக்கியச் சில்லு காட்சியை உருவாக்குகிறது. அதை எச்டிஎம்ஐ மொழிக்கு மாற்றித் தர ஒரு தனி ஐசி இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் 4-இல் அது பானாசோனிக்கின் எம்என்86471ஏ, ஸ்லிம், புரோ மாடல்களில் எம்என்864729, பிளேஸ்டேஷன் 5-இல் எம்என்864739. அதைத் தாண்டி வடிகட்டிகள், பிறகு போர்ட், கேபிள், டிவி. இத்தனை கண்ணிகளில் நம் கண்ணில் படுவது போர்ட் மட்டுமே. பழியும் முதலில் அதன் மேலேயே விழுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோகும் கதைதான்.

இன்னொன்றையும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எச்டிஎம்ஐ, குழாயில் தண்ணீர் திறந்துவிடுவது போல ஒருவழியாகப் படத்தைத் தள்ளும் கம்பி இல்லை. அது ஓர் உரையாடல். போர்ட்டில் 19 பின்கள். 1 முதல் 12 வரை உள்ளவைதான் படத்தைச் சுமப்பவை: மூன்று ஜோடி தரவுக்கும் ஒரு ஜோடி கடிகாரத் துடிப்புக்கும், அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீல்டு. மீதி ஏழும் பேச்சுவார்த்தைக்கும் துணை வேலைகளுக்கும். கன்சோல் 18-ஆம் பின்னில் 5 வோல்ட் கொடுத்து ‘நான் வந்திருக்கிறேன்’ என்கிறது. டிவி 19-ஆம் பின்னை உயர்த்தி ‘நானும் இருக்கிறேன்’ என்று பதில் தருகிறது. பிறகு 15, 16 ஆகிய இரண்டு பின்கள் வழியாக, டிவி தன்னால் எந்தெந்தத் தெளிவில் காட்ட முடியும் என்று எழுதிவைத்திருக்கும் ஈடிஐடி என்ற குறிப்பைக் கன்சோல் படிக்கிறது. அதன் அடிப்படைத் தொகுதி வெறும் 128 பைட். நகல் தடுப்புக்கான எச்டிசிபி சாவிப் பரிமாற்றமும் இதே இரண்டு கம்பிகளில்தான் நடக்கிறது. இவை முடிந்த பிறகே பொதுவாகப் படம் கிளம்புகிறது. ஆக, படத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பின் வளைந்திருந்தாலும், 5 வோல்ட் பாதையில் இருக்கும் ஒரு சிறு ஃபியூஸ் போயிருந்தாலும் திரை முழுக்கக் கறுத்துவிடலாம். ஏபியு, மாற்றும் ஐசி, படத்தைச் சுமக்கும் 12 பின்கள் எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்கும்போதே இப்படி நடக்கலாம். ‘நோ சிக்னல்’ என்ற ஒரே சொல் குறைந்தது ஆறேழு வெவ்வேறு பழுதுகளுக்குப் பொதுப்பெயர். ‘காய்ச்சல்’ என்று மட்டும் கேட்டுவிட்டு யாரும் ஊசி போடுவதில்லையே.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே, செலவில்லாமல், இந்த ஆறேழைப் பாதியாக்கலாம். வேறு கேபிள், வேறு டிவி என்பதை எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். அதிகம் பேசப்படாதது சேஃப் மோட். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் கன்சோலை முழுக்க அணைத்துவிட்டு, பவர் பொத்தானை இரண்டாவது பீப் வரும்வரை ஏறத்தாழ 7 நொடி அழுத்திப் பிடித்தால் அது திறக்கும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் இணைக்க வேண்டும். அங்கே தெளிவை மாற்றும் வசதி உண்டு, பிளேஸ்டேஷன் 5-இல் எச்டிசிபி முறையையும் மாற்றலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பவரையும் டிஸ்க் வெளியேற்றும் பொத்தானையும் சேர்த்து இரண்டாவது பீப் வரும்வரை பிடித்தால் 640-க்கு 480 என்ற குறைந்த தெளிவில் எழும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் கன்சோல் எழும்போது ஒய் பொத்தானும் வலது ட்ரிகரும். இதை வெறும் ‘ரீசெட்’ என்று நினைத்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில் இது அருமையான அளவுகோல். 480பி படத்துக்கு ஒவ்வொரு தரவு ஜோடியிலும் நொடிக்கு 270 மெகாபிட் ஓடினால் போதும். 1080பி, 60 ஃபிரேம் என்றால் அது 1.485 கிகாபிட். 4கே, 60 ஃபிரேம் என்றால் 5.94 கிகாபிட், அதாவது முதலாவதைப்போல 22 மடங்கு. குறைந்த தெளிவில் படம் வந்து, கூட்டினால் மறைகிறது அல்லது பொட்டுப் பொட்டாய்ச் சிதறுகிறது என்றால், பாதை அறுந்துபோகவில்லை, வேகம் தாங்காத அளவுக்கு மெலிந்திருக்கிறது என்று பொருள். தரமில்லாத கேபிள், பாதி ஒட்டிய பின், அடிபட்ட வடிகட்டி ஆகியவை அப்போது சந்தேகப் பட்டியலின் மேலே வருகின்றன. ஏபியு கீழே போய்விடுகிறது. ஒரு பைசா செலவில்லை, ஒரு ஸ்க்ரூ கழலவில்லை, சந்தேகம் பாதியாகிவிட்டது.

நின்டென்டோ ஸ்விட்ச் இந்தப் பாதியாக்கலைத் தானே செய்து காட்டுகிறது. அதற்குச் சொந்தத் திரை உண்டு. கையில் வைத்து ஆடும்போது படம் தெளிவாக இருந்து, டாக்கில் செருகி டிவியில் பார்த்தால் மட்டும் இருட்டு என்றால், கிராஃபிக்ஸ் உருவாகும் இடத்தில் குற்றமில்லை. இனி அடாப்டர், டாக், யுஎஸ்பி-சி போர்ட், அதன் பின்னாலிருக்கும் இரண்டு ஐசிகள், அவ்வளவுதான். டாக்கில் டிவிக்குப் படம் அனுப்ப, கூடவே வரும் அடாப்டர் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர் தரும். சாதாரண போன் சார்ஜரைச் செருகினால் பேட்டரி ஏறும், டிவியில் படம் வராது. மின்சாரத்தைப் பேசி முடிக்கும் எம்92டி36 ஐசியோ, காட்சித் தரவைத் திருப்பிவிடும், பழுதுபார்ப்பவர்கள் பி13யுஎஸ்பி என்றழைக்கும் ஐசியோ கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். சார்ஜரை மாற்றிப் பார்க்காமல் போர்ட்டைக் கழற்றினால் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை.

வெளிச்சோதனை முடிந்து, உள்ளேதான் பழுது என்று ஆன பிறகு கன்சோலைத் திறக்கலாம். பிளேஸ்டேஷன் 5-க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஏபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சோனி திரவ உலோகத்தை வைத்திருக்கிறது. 2020 அக்டோபரில் வெளியிட்ட பிரித்துக்காட்டும் காணொளியில் அவர்களே அதைக் காட்டினார்கள். அது மின்சாரம் கடத்தும் பொருள். அவசரத்தில் ஹீட்சிங்கை எடுத்து, அந்தத் துளி போர்டில் சிந்தினால், போர்ட் பழுதோடு வந்த கன்சோல் ஷார்ட்டாகித் திரும்பும்.

திறந்தபின் கருவி ஒன்றே போதும்: டயோடு முறை உள்ள மல்டிமீட்டர். மின் இணைப்பை முழுக்க எடுத்துவிட்டு, சிவப்பு முனையைப் போர்டின் கிரவுண்டில் வைத்து, கறுப்பு முனையால் போர்ட்டின் பின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஒவ்வொரு தரவுக் கம்பியும் கடைசியில் ஐசிக்குள் இருக்கும் ஒரே மாதிரியான அமைப்பில் போய் முடிவதால், அந்தக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இந்த அளவீட்டின் அழகே அதுதான். ‘சரியான எண்’ எது என்று எங்கும் தேட வேண்டாம், ஒரு கம்பிக்கு அதன் ஜோடியே அளவுகோல். ஒன்று மட்டும் எல்லை தாண்டி ‘ஓஎல்’ என்றால் அங்கே தொடர்பு அறுந்திருக்கிறது: பின் ஒட்டவில்லை, அல்லது வடிகட்டி போயிற்று, அல்லது டிராக் கிழிந்தது. பூஜ்யம் என்றால் கிரவுண்டோடு ஷார்ட். இங்கே புதிதாய்க் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2, 5, 8, 11, 17 ஆகிய பின்கள் இயல்பாகவே கிரவுண்ட், அவை பூஜ்யம் காட்டத்தான் செய்யும். வடிகட்டியின் இரு பக்கமும் தனித்தனியே அளந்தால், அறுந்த இடம் போர்ட் பக்கமா ஐசி பக்கமா என்பதும் தெரிந்துவிடும். எட்டுக் கம்பியும் சரி, பேச்சுவார்த்தைப் பின்களும் சரி என்றால் கன்சோலை ஓடவிட்டு 18-ஆம் பின்னில் 5 வோல்ட் வருகிறதா, மாற்றும் ஐசிக்கு வர வேண்டிய மின்னழுத்தங்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரம் ஒரு போர்ட்டைக் கழற்ற ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

‘எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் போர்ட்தான், அளந்து என்ன ஆகப்போகிறது?’ என்று பழுதுபார்ப்பவர்கள் கேட்பதுண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிளை இழுத்து, தவறிச் செருகி, கன்சோலோடு கீழே போட்டு என்று மனிதக் கை படும் இடம் போர்ட், அதிகம் கெடுவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அனுபவம் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று சொல்லுமே தவிர, இந்தக் கன்சோலில் அதுதானா என்று சொல்லாது. தவறாகப் போனால் இழப்பு சிறிதல்ல. எச்டிஎம்ஐ போர்ட்டின் கால்கள் போர்டின் தடித்த கிரவுண்ட் செம்புத் தகட்டில் இறங்கியிருக்கின்றன, அந்தத் தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடியில் முன்சூடு கொடுக்காமல், தாழ்வெப்பத்தில் உருகும் சால்டரைக் கலந்துவிடாமல் இழுத்தால் மயிரிழை அகலமுள்ள பேட்கள் பெயர்ந்து வருகின்றன. ஐசியில் மட்டும் பழுதிருந்த போர்டில் இப்போது ஐசியும் பழுது, டிராக்கும் பழுது. தலைவலி போய்த் திருகுவலி வந்த நிலை. ஒரு நல்ல போர்ட்டைக் கழற்றியதால் எழும் இந்த இரண்டாம் பழுதை, அடுத்துப் பார்ப்பவர் முதல் பழுதிலிருந்து பிரித்தறியவே முடியாமல் போகலாம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, காப்பாற்றக்கூடிய போர்டுகள் இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

இனி சூட்டின் கதை. அதன் பெயரும் புகழும் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் தொடங்கின. 2005 நவம்பரில் வந்த அந்தக் கன்சோல், மூன்று சிவப்பு விளக்குகள் மின்ன, கூட்டங்கூட்டமாகச் செயலிழந்தது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, 105 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2009-இல் இ74 என்ற பிழையும் அதே நீட்டிப்பில் சேர்ந்தது. அப்போது பரவிய வைத்தியம், கன்சோலை டவலில் சுற்றி ஓடவிடுவது. காற்று அடைபட்டு உள்ளே கொதிக்கும், அணைத்து ஆறவைத்துப் போட்டால் பல நேரம் படம் வரும். இதற்குச் சொன்ன விளக்கம்: ஈயம் இல்லாத சால்டர் விரிசல் விட்டது, சூட்டில் உருகி மறுபடி ஒட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டிருந்ததால் இந்த விளக்கம் நம்பும்படியாகவும் இருந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். பழைய ஈயச் சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத சால்டருக்கு 217 வேண்டும். டவலுக்குள் ஓடும் கன்சோல் அந்தச் சூட்டை நெருங்குவதற்கு வெகு முன்பே தானாக அணைந்துவிடும். டவலால் எதுவும் உருகவில்லை, ஆனாலும் படம் வந்தது. அப்படியானால் படத்தைக் கொண்டுவந்தது உருகுதல் இல்லை. சூட்டில் விரிந்த பொருள்கள் விரிசலின் இரு விளிம்புகளையும் சற்று நேரம் தொடவைத்திருக்க வேண்டும், அவ்வளவே. தொட்டது ஒட்டியதாகாது.

விரிசல் எங்கே இருந்தது என்பதற்கும் பதில் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வெளியான ‘பவர் ஆன்’ ஆவணப்படத்தில், அந்தக் கன்சோலை உருவாக்கியவர்களே, சில்லுக்கும் போர்டுக்கும் நடுவேயல்ல, சில்லின் உறைக்கு உள்ளேயே இணைப்புகள் முறிந்தன என்றும், போட்டு அணைத்துப் போட்டு அணைத்து ஏற்பட்ட சூடு-குளிர் மாற்றமே காரணம் என்றும் சொன்னார்கள். 2008-இல் என்விடியா, தன் சில்லுகளில் சிலவற்றின் உறைப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியதும் இதே வகைப் பழுதுக்குத்தான். சில்லுக்கு அடியிலிருக்கும் சால்டர் உருண்டைகளை எவ்வளவு நேர்த்தியாக மறுபடி உருக்கினாலும், புது உருண்டை வைத்து ரீபால் செய்தாலும், உறைக்குள் முறிந்தது முறிந்ததுதான். பிளேஸ்டேஷன் 3-இலும் இதே குழப்பம். மஞ்சள் விளக்குப் பழுதுக்கு ஒரு தரப்பு கிராஃபிக்ஸ் சில்லைக் காரணமாக்குகிறது, மறுதரப்பு என்இசி டோகின் கெப்பாசிட்டர்களை. இரண்டுமே சூட்டுக்குத் தற்காலிகமாக இணங்கக்கூடியவை. கவனிக்க வேண்டிய செய்தி இதுதான்: இருவேறு நோய்க்கும் ஒரே மருந்து கொஞ்ச நாள் வேலை செய்கிறது என்றால், அது வேலை செய்ததை வைத்து எந்த நோய் என்று சொல்லவே முடியாது. ஆனால் ‘ஹீட் கொடுத்தேன், வந்தது, ஆக சால்டர்தான்’ என்ற முடிவு நாள்தோறும் எடுக்கப்படுகிறது. கேசட்டில் வாயால் ஊதிய காலத்தின் தொடர்ச்சி இது. நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலில் படம் மின்னி மின்னி மறைந்ததற்கு 72 பின் இணைப்பில் தொடர்பு சரியாகக் கிடைக்காததே காரணம். ஊதினால் சரியானது போலத் தெரிந்தது, கேசட்டை எடுத்து மறுபடி செருகியதே அந்த வேலையைச் செய்தது. வாயின் ஈரம் தகட்டைத்தான் அரித்தது.

‘நிரந்தரமில்லை என்றாலும் படம் வருகிறதே, சேவ் செய்த விளையாட்டையாவது எடுத்துக்கொள்ளலாமே’ என்ற வாதத்துக்கு மட்டும் நான் பாதி இணங்குவேன். பிளேஸ்டேஷன் 3, 4 கன்சோல்களின் ஹார்டு டிஸ்க்கில் உள்ளது அந்தந்தக் கன்சோலின் சாவியால் பூட்டப்பட்டது, கழற்றி வேறொன்றில் போட்டுப் படிக்க முடியாது. முதல் பிளேஸ்டேஷன் 5-இல் 825 ஜிபி சேமிப்பகம் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கிறது. அந்தக் கன்சோலின் சொந்த விளையாட்டுகளின் சேவ்களை மட்டும் தனியே யுஎஸ்பியில் நகலெடுக்கவும் வழியில்லை, தனியே வைக்கக் கட்டணச் சந்தாவின் கிளவுடுதான் உண்டு. ‘புதுசு வாங்கிக்கொள்’ என்ற அறிவுரை அரைகுறையாவதும் இதனால்தான். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5-இன் விலை 49,990 ரூபாய். அந்தத் தொகையை மறுபடி கொடுத்தாலும் பழைய கன்சோலுக்குள் கிடக்கும் நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு கூடவே வராது. ஆகவே உறைக்குள் முறிந்த சில்லை ஒருமுறை சூடாக்கி, சேவ்களை வெளியே எடுக்கும் வரை ஓடவைப்பது நியாயமான வேலை. ஆனால் அதை அப்படியே சொல்லி, அதற்குரிய கூலி வாங்க வேண்டும். ‘ரிப்பேர் ஆயிருச்சு’ என்று சொல்லிக் கொடுத்தால், சில வாரங்களில் திரும்பி வரும்போது பழுது கூடியிருக்கும். பழைய போர்டின் உறைகள் ஈரம் குடித்திருக்கும், ஹாட் ஏரின் திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உறையையே அடுக்கடுக்காய்ப் பிளந்துவிடும்.

டயோடு அளவீடே முடிவான சாட்சியா என்று கேட்டால், இல்லை. அது ஐசியின் வாசலில் நிற்பதை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. எண்கள் எல்லாம் அழகாக இருந்தும் ஐசி உள்ளே செத்திருக்கலாம், அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும், அல்லது ஐசியை மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த மாற்றம்கூட, போர்ட்டும் வடிகட்டிகளும் மின்னழுத்தங்களும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகு செய்யப்படுவதால், குருட்டு யூகமாக இருக்காது. ஐசி மாற்றியும் படம் வரவில்லையென்றால் கை நீட்ட மீதமிருப்பது ஏபியு மட்டும். ஏபியு என்று உறுதியானால் ‘என்னால் முடியாது’ என்று திருப்பிக் கொடுப்பதும் நல்ல பழுதுபார்ப்பவரின் வேலைதான்.

கன்சோல் நிறுவனங்கள் மின்சுற்று வரைபடத்தைப் பொதுவில் தருவதில்லை. நல்ல போர்டில் ஒருவர் எடுத்த அளவுகளே அடுத்தவருக்கு வரைபடம். ஆகவே கடையில் கன்சோலைக் கொடுக்கும்போதே ஒன்று கேட்டு வையுங்கள்: போர்ட்டைக் கழற்றுவதற்கு முன் எடுத்த 19 எண்களும், புதிது வைத்தபின் எடுத்த 19 எண்களும், ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, பில்லோடு.